பீரங்கிக் குழலின் உள்ளளவு

எங்கள் கப்பல் அருங்காட்சியகத்தில் நான் பட்டியல் எழுதுகிறவள். ஒரு பொருள் உள்ளே வந்தால் அது என்ன, யார் செய்தது, எத்தனை நீளம், எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் போகிறது என்று அட்டையில் எழுதி வைப்பேன். கேள்வி கேட்டே ஆளைக் கொல்கிறேன் என்று அலுவலகத்தில் எனக்குத் துருவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு.

தையல்காரம்மா வந்தது ஒரு திங்கட்கிழமை. அன்று பார்வையாளர்களுக்குக் கதவு திறக்க மாட்டோம். காவலாளி மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வாசலில் அறுபத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி நின்றிருந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. தையல் கடையிலிருந்து நேராகக் கிளம்பி வந்தவர் அதைக் கழற்ற மறந்திருக்கிறார்.

"எங்க அப்பா செஞ்ச கப்பல் இங்க இருக்குன்னு கேள்விப்பட்டேன். ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

"எந்தக் கப்பலும்மா? இங்க நூத்திப் பதிமூணு மாதிரிக் கப்பல் இருக்கு."

"லைட் குரூசர். அப்பா அப்படித்தான் சொல்வாரு. மூணு மூணா ஒம்போது பீரங்கி. ஒவ்வொரு குழலையும் நான்தான் துளை போட்டேன்னு சொல்லிட்டே இருப்பாரு."

உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். அவருடைய அப்பா துறைமுகப் பட்டறையில் வேலை பார்த்தவர். கடற்படைக்காரர்களுக்குப் பாடம் நடத்த அங்கே மாதிரிக் கப்பல்கள் செய்வார்கள். ஒரு நாள் ஏதோ ஒரு பாகம் காணவில்லை என்று அப்பாவை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்புறம் அவர் தட்டுமுட்டு வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். சாகும்வரை அந்த லைட் குரூசர் கதையை மட்டும் விடவில்லை.

"அண்ணன்தான் நம்பல. அப்பா பட்டறையைக் கூட்டிப் பெருக்கினவரு, கப்பலாவது செய்யறதாவதுன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்றான். கல்யாணத்துல, காரியத்துல, எங்க நாலு பேரு கூடினாலும் இதைச் சொல்லிச் சிரிப்பான். தெருவுல எனக்குக் கப்பல்காரின்னே பேரு. அப்பா காதுபடவே சிரிச்சிருக்கான்மா. அப்பா தலையைக் குனிஞ்சுட்டு சாப்பிடுவாரு."

அண்ணனுக்கு எழுபத்து நாலு வயது. சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். தையல்காரம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கப்பலுக்குக் கீழே அப்பாவின் பெயர் இருக்க வேண்டும். அண்ணனைக் கூட்டிவந்து அந்தப் பெயரை வாய்விட்டுப் படிக்க வைக்க வேண்டும்.

"எங்க அப்பா பொய்யர் இல்லைன்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்" என்றார். குரல் உடையவில்லை.

குரூசர் என்பது ஒரு வகைப் போர்க்கப்பல். மூன்று மூன்றாக ஒன்பது பீரங்கி உள்ளது எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஆறடி நீளம், சாம்பல் நிறம். முன்னால் இரண்டு பீரங்கி மேடை, பின்னால் ஒன்று. கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று அவர் அதைப் பார்த்த பார்வையில், தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் தெரிந்தார். அதன் அட்டையை எடுத்துப் பார்த்தேன். "குரூசர். மாதிரி. செய்தவர் தெரியவில்லை" என்று மூன்று வரியில் முடித்திருந்தார், எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த புண்ணியவான். பட்டறையிலிருந்து பொருள்கள் வந்த பட்டியலையும் தோண்டி எடுத்தேன். அதில் இப்படி இருந்தது: "பயிற்சி வகுப்புக்கான மாதிரி குரூசர்கள் இரண்டு. ஒன்று இலகுரகம், ஒன்று கனரகம். செய்தவர்கள் வெவ்வேறு ஆட்கள். வந்து சேர்ந்தது ஒன்று."

வந்து சேர்ந்தது எது என்று எழுதவில்லை. பட்டியல் எழுதின ஆள் மட்டும் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வி தெளிவாகிவிட்டது. எங்களிடம் இருப்பது இலகுரகம், அதாவது லைட், என்றால் தையல்காரம்மாவின் அப்பா செய்தது. கனரகம் என்றால் வேறு யாரோ செய்தது.

எங்கள் மேலாளருக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. "இம்மாம் பெருசா இருக்கு, இதைப் போய் லைட்டுன்னு சொல்றீங்களே. ஸ்கூட்டருக்கும் லாரிக்கும் வித்தியாசம் தெரியாதாம்மா? இது ஹெவிதான், எழுதிடுங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மேலாளர் ஒன்றை அடித்துச் சொன்னால் அதை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். வெள்ளிக்குள் பதில் சொல்கிறேன் என்று தையல்காரம்மாவை அனுப்பிவைத்தேன்.

அன்று மதியமும் மறுநாள் முழுக்கவும் எங்கள் நூலக அறையில் கிடந்தேன். போர்க்கப்பலைப் பற்றி எனக்கு இருந்த ஞானம் எவ்வளவு அரைகுறை என்று அப்போதுதான் தெரிந்தது.

பாய்மரக் காலத்திலேயே ஒவ்வொரு கடற்படையும் பெரிய சண்டைக் கப்பல்களுக்குத் துணையாகச் சின்னக் கப்பல்களை வைத்திருந்திருக்கிறது. தூரம் போய் எதிரி எங்கே என்று வேவு பார்க்க, செய்தி கொண்டுவர, வணிகக் கப்பல்களுக்குக் காவல் போக, எதிராளியின் வணிகக் கப்பலைத் துரத்த. எடுபிடி வேலை எல்லாம் இவற்றின் தலையில்தான் விடியும். குரூசர் என்ற இனம் அந்த எடுபிடிகளின் வழி வந்தது. நீராவி வந்தது, இரும்புக் கவசம் வந்தது. பெரிய கப்பல்கள் பக்கவாட்டில் தடித்த இரும்பைப் போர்த்திக்கொண்டன. சின்னதுகளால் அந்தப் பாரத்தைச் சுமக்க முடியவில்லை. சுமந்தால் வேகம் போய்விடும், வேகம் போனால் வேவு எங்கே பார்ப்பது? அதனால் ஒரு யுக்தி செய்தார்கள். கப்பலின் வயிற்றுக்குள், எந்திரத்துக்கு மேலே, குடை கவிழ்த்த மாதிரி ஓர் எஃகுத் தளம் போட்டார்கள். இரு பக்கமும் நிலக்கரியை அடைத்து அதையே சுவராக்கினார்கள். எரிக்கிற கரியே கவசமும் ஆனது. இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். கரி தீரத் தீரக் கவசமும் கரைந்துபோகாதா?

பிறகு எந்திரங்களின் எடை குறைந்தது. கரிக்குப் பதில் எண்ணெய் வந்தது. நல்ல எஃகும் கிடைத்தது. முதல் உலகப்போருக்குச் சற்று முன்னால் சின்னக் கப்பல்களும் பக்கவாட்டில் மெல்லிய கவசப் பட்டை கட்டிக்கொள்ள முடிந்தது. அவற்றுக்கு இலகு கவச குரூசர் என்று பெயர். நாளாக ஆக நடுவிலிருந்த கவசம் பேச்சில் உதிர்ந்துபோய் இலகு குரூசர் என்று நின்றது. ஆரம்பத்தில் இந்த "லைட்" கவசத்தைச் சொல்ல வந்த சொல். நான் இத்தனை வருஷமாகக் கப்பலின் எடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. போர் முடிந்ததும் நாடுகள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. 1922-ல் போட்டதில் குரூசர் என்றால் பத்தாயிரம் டன்னுக்கு மேல் போகக் கூடாது, பீரங்கியின் உள்ளளவு, அதாவது குழல் துளையின் விட்டம், எட்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். உடனே ஆளாளுக்கு அந்த உச்ச அளவிலேயே கட்ட ஆரம்பித்தார்கள். விருந்தில் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று சொன்னால் நாம் அவ்வளவையும் எடுக்க மாட்டோமா, அதேதான். 1930-ல் மறுபடி கூடி குரூசர்களை இரண்டாகப் பிரித்தார்கள். எதை வைத்து? எடையை வைத்து இல்லை. நீளத்தை வைத்தும் இல்லை. பீரங்கிக் குழலின் உள்ளளவை வைத்து. 155 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஒரு வகுப்பு, அதற்குள் இருந்தால் இன்னொரு வகுப்பு. முன்னதற்குக் கனரகம், பின்னதற்கு இலகுரகம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. எடை வரம்பு மட்டும் இரண்டுக்கும் அதே பத்தாயிரம் டன். ஆகவே இலகுரகம் என்று பெயர் வாங்கிக்கொண்டு கனரகத்தின் பருமனில் கப்பல் கட்ட யாருக்கும் தடையில்லை. கட்டவும் செய்தார்கள்.

மேலாளரிடம் போய் நின்றேன். "சார், லாரி மாதிரி இருந்தாலும் அது ஸ்கூட்டரா இருக்கலாம் சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். பட்டறை இந்த ஜோடியைச் செய்ததே அதற்காகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். உடலைப் பார்த்து ஏமாறாதே, குழலைப் பார் என்று பயிற்சிக்கு வந்தவர்களுக்குக் காட்ட ஒரே உடலில் இரண்டு கப்பல் செய்திருக்கிறார்கள். "அப்ப குழலை அளந்து பாருங்க" என்றார். அவர் வாயிலிருந்து வந்த உருப்படியான வார்த்தை அந்த வருஷத்தில் அது ஒன்றுதான்.

மாதிரி நூற்றில் ஒரு பங்கு அளவு. கனரகத்தின் எட்டு அங்குலம் சுமார் இருநூறு மில்லிமீட்டர், ஆகவே மாதிரிக் குழலின் துளை இரண்டு மில்லிமீட்டர். இலகுரகம் என்றால் ஒன்றரை. வெளிப்பருமனை நம்ப முடியாது, குழல் நுனியை நோக்கிச் சரிந்துகொண்டே போகிறது. துளைதான் பேசும். தச்சு அறையிலிருந்து டிரில்லில் மாட்டுகிற துளையூசிகளின் பெட்டியை வாங்கி வந்தேன். ஒவ்வோர் ஊசியின் பின்பக்கமும் வழவழப்பாக, அளவு பொறித்து இருக்கும். அதை நுழைத்துப் பார்த்தால் போதும். புதன்கிழமை காலை பெட்டியின் கண்ணாடியை இரண்டு பேர் தூக்கினார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மில்லிமீட்டர் ஊசியை முதல் குழலின் வாயில் வைத்தேன். நுழையவில்லை. ஒன்று புள்ளி எட்டு, நுழையவில்லை. ஒன்றரை, நுழைந்தது.

ஒன்பதையும் பார்த்தேன். ஆறு குழல்களில் ஒன்றரை சரியாகப் போனது. இரண்டில் கொஞ்சம் இறுக்கம், ஒன்று புள்ளி நாலுதான் போனது. ஒன்றில் ஒன்று புள்ளி ஆறே போனது. பழைய கைவேலைதானே, முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். ஊரில் எல்லாரையும் குடைகிற நான் அதை மட்டும் குடையவில்லை. காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். அது இலகுரகமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

தையல்காரம்மாவுக்கு உடனே போன் செய்தேன். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. "சனிக்கிழமை அண்ணனைக் கூட்டிட்டு வரேன்" என்றார். அன்று சாயங்காலமே அவருடைய அப்பாவின் பெயர் போட்ட பலகை தயாராகிப் பெட்டிக்குக் கீழே ஏறிவிட்டது.

வியாழக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அந்த ஒன்று புள்ளி ஆறு வந்து உறுத்தியது. ஒன்பது குழலுக்கும் ஒரே ஆள் ஒரே ஊசியால் துளை போட்டிருக்கிறார். ஒரே ஊசி போட்ட துளைகள் மூன்று மாதிரி எப்படி இருக்கும்? ஊசி தேயும், சரி, ஆனால் இவ்வளவா? துளை ஒரே மாதிரி இருந்து, பின்னால் உள்ளே ஏதோ படிந்திருந்தால்தான் இப்படி ஏறுக்குமாறாக வரும். வாயைக் கொப்பளிக்காமலே நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் மாதிரிகளுக்கு வண்ணம் பூசுவது என் நாத்தனார். என் கணவரின் அக்கா. அவர்தான் எனக்கு இந்த வேலை வாங்கிக் கொடுத்தவர், அதை நான் மறக்கக் கூடாது என்று மாதம் ஒருமுறை நினைவூட்டுகிறவரும் அவரே. அவருடைய அறைக்குப் போனேன்.

"அக்கா, குரூசர் பீரங்கிக்கு வாயிக்குள்ளயும் பெயின்ட் அடிப்பீங்களா?"

"பின்ன? வெளிய மட்டும் அடிச்சா போதுமா? உள்ள பித்தளை பளபளன்னு தெரியும். மேல லைட்டு வேற. போட்டோ எடுக்கறவன் பொம்மைன்னு சொல்லிடுவான். மெல்லிசு பிரஷ்ஷை விட்டு உள்ள கறுப்பு அடிச்சாத்தான் அது பீரங்கி."

"எத்தனை தடவை அடிச்சிருப்பீங்க?"

"ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை. அஞ்சு தடவை ஆச்சு. ஏன், சரியில்லையா?"

அவர் வேலையில் குறை சொன்னால் ஒரு வாரம் வீட்டில் சோறு இறங்காது. ஆனால் கேட்டாகிவிட்டது. முடி கனத்துக்கும் குறைவான பூச்சு ஒன்று. அது ஐந்து தடவை, துளையின் இரு பக்கமும் ஏறினால் அரை மில்லிமீட்டர் காணாமல் போகும். அளவுகளைத் தாளில் போட்டுக் காட்டினேன். நாத்தனார் தாளையே பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. வண்ணம் கரைக்கிற திரவத்தையும் பல் குத்தும் குச்சியையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஒரு குழலைத்தான் சுத்தம் செய்தோம். குச்சியின் நுனியில் கறுப்பு, கறுப்பு, மறுபடி கறுப்பு என்று வந்து கடைசியில் பித்தளை மின்னியது. இரண்டு மில்லிமீட்டர் ஊசியை வைத்தேன். வெண்ணெயில் போகிற மாதிரி போனது.

கனரகம். மேலாளர் சொன்னதுதான் சரி, அவர் சொன்ன காரணம் தப்பாக இருந்தாலும். என் எரிச்சலை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை.

"விடேன். நீயும் நானும்தான் பாத்தோம். திரும்ப ஒரு பூச்சு பூசிட்டா யாருக்குத் தெரியப் போவுது? அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு" என்றார் நாத்தனார். இரக்கத்தில்தான் சொன்னார். எனக்கும் ஒரு நிமிஷம் கை அந்தக் கறுப்புப் புட்டிப் பக்கம் போகத்தான் செய்தது. ஆனால் "எங்க அப்பா பொய்யர் இல்லைன்னு எனக்குத் தெரியணும்" என்று அவர் கேட்டது நிஜத்தை. நான் ஒரு பொய்யை எடுத்து அவர் அப்பாவின் பெயரில் ஒட்டிவைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? அந்த வீட்டில் அப்பா சொன்னது பொய் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பது போதாதா? பலகையை நானே கழற்றினேன்.

வெள்ளிக்கிழமை அவர் கடைக்கே போனேன். சின்னக் கடை. ஒரு மெஷின், வெட்டுகிற மேசை, கொடியில் தைத்து முடித்த சட்டைகள். நான் சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த துணியின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே கேட்டார். பூச்சு, துளை, அரை மில்லிமீட்டர் எல்லாம் அவருக்கு ஒரு தடவையில் புரிந்துவிட்டது. அளவெடுத்தே பிழைத்தவர் அல்லவா.

"அப்ப அது அப்பாவோடது இல்ல."

"இல்லம்மா. உங்க அப்பா செஞ்சது லைட்டுன்னா அது எங்ககிட்ட வரவே இல்ல. மன்னிச்சுக்குங்க. நான் அவசரப்பட்டுட்டேன்."

"அவரு செஞ்சாருங்கறதுக்கும் இப்ப ஆதாரம் ஒண்ணும் இல்ல."

பிரித்த துணியை மேசைமேல் வைத்தார்.

"அண்ணன்கிட்ட நாளைக்கு வான்னு சொல்லிட்டேன்" என்றார். "வரட்டும். நீ சொன்னதுதான் சரிண்ணான்னு என் வாயாலயே சொல்லிடறேன். அவன் சிரிச்சா சிரிச்சுக்கட்டும். வேற யாரோ சொல்லி அவன் சிரிக்கறதுக்கு இது மேல்."

சனிக்கிழமை பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். அண்ணன் ஒல்லியாக, சலவைச் சட்டை போட்டு, நகக்கண்ணில் மட்டும் போகாத கிரீஸ் கறையோடு இருந்தார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "எங்க இருக்கு எங்க அப்பன் ஓட்டின கப்பல்?" என்று காவலாளியிடம் கேட்டுச் சிரித்தார். எனக்கு அந்த ஆளைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை.

பெட்டியின் கண்ணாடியை எடுத்தே வைத்திருந்தோம், நாத்தனார் மற்ற குழல்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். தையல்காரம்மா கப்பலின் முன் போய் நின்றார். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"இது அப்பா செஞ்சது இல்லண்ணா. இவங்க அளந்து பாத்துட்டாங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நீ சொன்னபடியே இருக்கட்டும்."

நான் சிரிப்புக்குக் காத்திருந்தேன். வந்தால் இரண்டு வார்த்தை சூடாகச் சொல்வது என்று வாயில் தயாராகவும் வைத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். சுத்தம் செய்த குழலின் வாயை வெகுநேரம் பார்த்தார்.

"இது எவ்வளவும்மா, ரெண்டு மில்லியா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா. ரெண்டு."

"அப்ப ஸ்போக் போவும்."

"சைக்கிள் ஸ்போக்கா? போகும்னு நினைக்கறேன்."

"போவும். ஸ்போக்கும் ரெண்டு மில்லிதான்." நிமிர்ந்தார். "அப்ப இது இல்ல. அப்பா செஞ்சதுல ஸ்போக் போகல."

சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. தையல்காரம்மா மெல்லத் திரும்பினார்.

"போகலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார்.

"எப்பண்ணா போட்டுப் பாத்தே?"

"பத்து வயசு எனக்கு" என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மேசை மேல ஒம்போது குழல் வரிசையா இருந்துச்சு. அவரு கை கழுவப் போயிருந்தாரு. ஒண்ணை எடுத்துப் பையில போட்டுட்டேன். ஊதலா வச்சுக்கலாம்னு. வீட்டுக்கு வந்து ஸ்போக்கை விட்டுப் பாத்தேன், போகல. அன்னிக்கே எண்ணிப் பாத்து ஒண்ணு குறையுதுன்னு அப்பாவை அனுப்பிட்டாங்க. பயத்துல அதைச் சாக்கடையில போட்டுட்டேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அன்னிக்கு ராத்திரி என் சட்டையை மடிச்சு வச்சாரு. பையில அந்தப் பித்தளைத் தூளு இருந்துச்சு. விரல்ல தொட்டுப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல."

நாத்தனார் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"அறுபது வருஷம்" என்றார் தையல்காரம்மா. "அவரு பெருக்கினவருன்னு அறுபது வருஷம் சொன்னியே. அவரு செஞ்சாருன்னு உனக்குத்தான் எல்லாரையும் விட நல்லாத் தெரியும்."

"அவரு கப்பல் செஞ்சாருன்னு ஒத்துக்கிட்டா, அப்புறம் அந்தப் பாகத்தை யாரு எடுத்தாங்கன்னு கேப்பீங்கல்ல" என்றார் அவர்.

தையல்காரம்மா அழவில்லை. அவரைத் திட்டவும் இல்லை. முகம் மட்டும் சிவந்து சிவந்து வந்தது. அது கோபமா நிம்மதியா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது என் வேலை ஒன்றுதான். உள்ளே போய் ஒரு வெற்று அட்டையை எடுத்துவந்தேன். எங்களிடம் இல்லாத பொருளுக்கும் அட்டை போடலாம். வந்து சேராதவை என்று தனியாக ஓர் இழுப்பறையே இருக்கிறது. "இலகுரக குரூசர். மாதிரி. ஒன்பது பீரங்கி. குழலின் உள்ளளவு இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவு, நேரில் கண்டவர் சொன்னது. இருக்கும் இடம் தெரியவில்லை" என்று நான் எழுதினேன். செய்தவர், தொழில், சாட்சி என்ற கட்டங்களைக் காலியாக விட்டு அட்டையை அண்ணனிடம் நீட்டினேன்.

"செஞ்சவரு பேரை நீங்கதான் எழுதணும். பாத்தவரு நீங்கதானே" என்றேன்.

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். அப்பாவின் பெயரை எழுதினார். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு "மாதிரிக் கப்பல் செய்பவர்" என்று எழுதினார். சாட்சி என்ற இடத்தில் தம் பெயரைப் போட்டு, மகன் என்று எழுதினார். அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் தயங்கினார்.

"ஏம்மா, அவரை எதுக்கு அனுப்பிச்சாங்கன்னும் இதுல எழுதணுமா?"

"அதுக்கு இதுல கட்டம் இல்லீங்க" என்றேன். உண்மையாகவே இல்லை.

தையல்காரம்மா அருகில் வந்து அட்டையை எட்டிப் பார்த்தார். கடைசிக் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"கட்டம் இல்லாட்டி என்ன, இடம் இருக்கே" என்றார். "எழுதுண்ணா."